சுவரின் அடியில் எந்தச் செடியை நடுவது?

வீட்டைச் சுற்றித் தோட்டம் அமைப்பவர்கள் பலரும் கடைசியாக எண்ணிப் பார்ப்பது, கட்டுமானங்கள் மண்ணைத் தொடும் கீழ்ப்பகுதியைத்தான். சுற்றுச்சுவரின் அடி, மேல்நிலைத் தொட்டியைத் தாங்கும் தூண்களின் பீடம், கொடிப்பந்தலின் கால்கள், சம்ப் எனப்படும் தரையடி நீர்த்தொட்டியின் விளிம்பு, மோட்டார் அறையின் பேஸ்மட்டம் ஆகியவற்றில் பூச்சு முடியாத சிமெண்டும், மழையில் தெறித்த செம்மண் கறையும், துருவும் தெரிவதால், எவ்வளவு நல்ல தோட்டமும் அரைகுறையாக நிற்பதுபோல் தோன்றுகிறது. அவற்றை மறைக்க விரும்புபவர்கள் நர்சரிக்குச் சென்று வேர் ஆழமாகப் போகாத செடியாகக் கேட்டு வாங்குவது வழக்கம். அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆயினும் வேரின் ஆழத்தை மட்டும் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுத்தால் கட்டடம் காப்பாற்றப்படும் என்று கொள்ள முடியாது. வேர் பருக்கக்கூடியதா, அந்தச் செடிக்கு எவ்வளவு நீர் வேண்டும், அதை நட எவ்வளவு தோண்ட வேண்டும் என்னும் மூன்றையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

தாவரங்களின் வேர்த்தொகுதி இரு வகைப்படும். விதையிலிருந்து முதலில் இறங்கும் வேரே நீண்டு தடித்து, அதிலிருந்து பக்கவேர்கள் கிளைப்பது ஆணிவேர்த்தொகுதி. அந்த முதல் வேர் விரைவில் மடிந்துவிட, தண்டின் அடியிலிருந்து ஏறத்தாழ ஒரே பருமனுள்ள வேர்கள் கொத்தாகப் புறப்படுவது சல்லிவேர்த்தொகுதி. வேம்பு, செம்பருத்தி, முருங்கை ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. புற்கள், வாழை, தென்னை, மஞ்சள், கற்றாழை ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கட்டுமானத்தின் அருகில் நடுபவர் இந்தப் பிரிவினையோடு சேர்த்து அறிந்திருக்க வேண்டியது இரண்டாம் நிலை வளர்ச்சி, அதாவது ஒருமுறை தோன்றிய வேர் ஆண்டுதோறும் பக்கவாட்டில் பருத்து மரத்தன்மை அடைவது. இருவித்திலை மரங்களிலும் புதர்களிலும் வேரின் உள்ளே கேம்பியம் எனப்படும் வளர்திசு வளையம் உருவாகிப் புதிய அடுக்குகளைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால், நூலிழை பருமனில் விரிசலுக்குள் நுழைந்த வேர் சில ஆண்டுகளில் விரல் பருமனாகி, அந்த விரிசலையும் அகலப்படுத்திவிடுகிறது. ஒருவித்திலைத் தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வளையம் இல்லை. அவற்றின் வேர்கள் எண்ணிக்கையில் பெருகுமே தவிர, ஒவ்வொரு வேரும் தொடக்கத்தில் இருந்த பருமனோடு நின்றுவிடும். சுவருக்கு அருகில் நின்றும் கடைக்காலைத் தூக்காத பழைய தென்னைகளை ஊர்கள்தோறும் காண முடிவதற்கு இதுவே காரணம்.

ஆழம் என்னும் அளவுகோல் எப்படித் தவறாக வழிநடத்துகிறது என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகள் விளக்கும். மயில்கொன்றையின் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை. தொட்டியில் பார்க்க அழகாக இருக்கும் அலங்கார ஃபைகஸ் வகைகளும் அப்படியே. மேலோட்டமாக ஓடிக்கொண்டே பருப்பதால்தான் அவை நடைபாதைக் கற்களைத் தூக்கிச் சுற்றுச்சுவரைச் சாய்க்கின்றன. இதற்கு நேர்மாறாக வெட்டிவேர், பார்வைக்கு ஒரு புல் தூறாக இருந்தாலும், நல்ல மண்ணில் 2 முதல் 3 மீட்டர் ஆழம்வரை நேராகக் கீழிறங்குகிறது; அதன் வேர்கள் மெல்லியவை, பருக்காதவை, பக்கவாட்டில் அதிகம் ஓடாதவை. கரைகளும் சரிவுகளும் அரிக்கப்படாமல் காக்க உலகின் பல நாடுகளில் அது நடப்படுவதும் இந்தப் பண்பினால்தான். ஆக, மேலோட்டமாக வேரோடும் மரம் சுவருக்குப் பகையாகவும், ஆழமாக வேரோடும் புல் சுவருக்குத் துணையாகவும் அமையக்கூடும். இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே நீக்கிவிடலாம்: வேர்கள் பழுதற்ற குழாயையோ நல்ல கான்கிரீட்டையோ துளைத்துக்கொண்டு போவதில்லை, ஏற்கெனவே இருக்கும் விரிசலிலும், கசியும் இணைப்பிலும் ஈரத்தைத் தொடர்ந்தே நுழைகின்றன. ஆகவே சம்ப்பின் அருகே வேர் அடர்ந்திருப்பது தெரிந்தால், செடியைக் குறை கூறுவதற்கு முன் தொட்டியில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

வேரைவிடக் கூடுதலாகச் சுவரைக் கெடுப்பது நீர். கட்டடத்தின் பேஸ்மட்ட உயரத்தில், மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறாமல் தடுக்க ஓர் அடுக்கு அமைக்கப்படுகிறது. பொறியாளர்கள் அதை டி.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வெளிப்புற மண்மட்டம் இந்த அடுக்குக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். தோட்டம் போடும் ஆர்வத்தில் ஒரு லோடு செம்மண்ணை இறக்கிச் சுவரோடு அணைத்துக் கொட்டிவிடுவதால், மண்மட்டம் அந்த அடுக்கைத் தாண்டி உயர்ந்து, ஈரம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு செங்கல்லுக்குள் போய்விடுகிறது. அடுத்த மழைக்காலத்தில் உட்புறச் சுவரில் ஓதம் ஏறி, வெண்ணிறமாக உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கும்போது, வீட்டுக்காரர் வண்ணப்பூச்சின் தரத்தை நொந்துகொள்கிறார். அடிப்பகுதியை மறைப்பது செடியின் வேலை. அந்த வேலையை மண்ணிடம் ஒப்படைப்பதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலாகச் செய்யப்படும் பிழை.

மண்ணின் வகையும் கருதப்பட வேண்டும். விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களிலும் கோயம்புத்தூரின் சில பகுதிகளிலும் உள்ள கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுந்திருப்பதால், அது நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. இத்தகைய நிலத்தில் சுவரின் ஒரு பக்கம் மட்டும் நாள்தோறும் நீர் பாய்ச்சப்பட்டு, மறுபக்கம் வறண்டு கிடந்தால், கடைக்காலின் கீழுள்ள மண் சீரற்று அசைந்து சுவரில் சாய்வான விரிசல்களை உண்டாக்கும். எனவே கரிசல் நிலத்தில் சுவரடிக்கு உரியவை, நட்டபின் மழைநீரை மட்டுமே நம்பி வாழக்கூடிய செடிகள்தான். கடலோர மணலிலும் செம்மண்ணிலும் இந்த அச்சம் குறைவு. மணலில் நீர் நிற்காமல் இறங்கிவிடுவதால் அங்கே செடி வாடாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலையாக இருக்கும்.

மூன்றாவது, தோண்டுதல். ரெடிமேட் காம்பவுண்டு எனப்படும் முன்வார்ப்புப் பலகைச் சுவர்களின் தூண்கள் ஆழமில்லாத குழியில் நிறுத்தப்பட்டவை. அவற்றின் அருகே கடப்பாரையால் முழ ஆழத்துக்குக் குழி எடுத்தால், வேர் செய்யக்கூடிய கேடு அனைத்தையும் நட்ட நாளிலேயே மனிதர் செய்துவிடுகிறார். கட்டடத்தின் சுற்றுப்புறத்தில் புதைந்திருக்கும் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, எர்த் கம்பி ஆகியவையும் அந்தக் குழியில் அடிபடலாம். கரையான் தடுப்பு மருந்து இடப்பட்ட கட்டடமானால் சுவரையொட்டிய மண்ணைக் கிளறுவது அந்தத் தடுப்பை உடைப்பதாகும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313 என்னும் தரநிலை விவரிக்கும் கரையான் தடுப்பு முறை, கட்டடத்தைச் சுற்றியுள்ள மண்ணில் மருந்து தொடர்ச்சியாக நிற்பதையே நம்பியிருக்கிறது. ஆழமில்லாத வேருள்ள செடிகளின் உண்மையான நன்மை இங்கேதான் புலப்படுகிறது: அவற்றுக்கு ஒரு சாண் குழி போதும், அதையும் சுவரிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி எடுக்க முடியும்.

செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் வெயிலின் போக்கைக் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் வடக்குச் சுவரை நிரந்தர நிழலாகக் கருதி அதற்கேற்ற செடிகளைப் பட்டியலிடுகின்றன. அந்தப் பட்டியல் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. ஏறத்தாழ 8 முதல் 13.5 பாகை வட அட்சரேகைக்குள் அமைந்த இந்நிலத்தில், சூரியன் ஆண்டுக்கு இருமுறை தலைக்கு நேர்மேலே வருகிறது. சென்னையில் ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதிவரை, அதாவது சித்திரையிலிருந்து ஆடி முடியும்வரை, நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்தே விழுகிறது. ஆண்டின் மீதி மாதங்களில் தெற்குச் சுவர் காய்கிறது. வடக்குச் சுவரடியில் நிழல் விரும்பும் பெரணியை நடுபவர், ஆண்டின் மிகக் கொடிய வெயிலில் அதைப் பொசுக்கக் கொடுக்கிறார். மேற்குச் சுவரோ பிற்பகல் வெப்பத்தை உள்வாங்கி இரவுவரை உமிழ்ந்துகொண்டிருப்பதால், அதன் அடியில் சதைப்பற்றுள்ள செடிகளே நிலைக்கும்.

வெயில் மிகுந்த சுவரடிக்கு முதலில் பரிந்துரைக்கத் தகுந்தது மருள். தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் இயற்கையாக வளரும் இச்செடியின் இலைகள் வாள்போல் நிமிர்ந்து, குறுக்கே கரும்பச்சை வரிகள் ஓட, முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன. அந்த இலைகளிலிருந்து எடுக்கப்பட்ட நார் முற்காலத்தில் கயிறாகவும் வில்லின் நாணாகவும் பயன்பட்டது. நர்சரிகளில் ஸ்நேக் பிளான்ட் என்ற பெயரில் விலைக்கு வரும் மேற்கு ஆப்பிரிக்க இனம் இதன் நெருங்கிய உறவு. மருளின் தண்டு மட்டநிலத்தண்டு, அதாவது மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஊர்ந்து, கணுக்களிலிருந்து கீழே வேரையும் மேலே இலையையும் விடும் தண்டு. ஒரு தூறைத் தோண்டி எடுத்தால், கட்டைவிரல் பருமனுள்ள வெளிர்நிறத் தண்டும் அதன் அடிப்புறத்தில் தொங்கும் மெல்லிய வேர்களும் தெரியும். முளையுள்ள துண்டுகளாக அதை அறுத்து, வெட்டுவாய் காயும்வரை இரண்டு நாள் நிழலில் வைத்து, நான்கு விரற்கடை ஆழத்தில் படுக்க வைத்தால் போதும். நீரை ஊற்றி ஊற்றி வளர்ப்பவரிடம் அது அழுகும், மறந்துவிடுபவரிடம் தழைக்கும். ஊரும் தண்டு நெருக்கத்தில் நெம்பக்கூடியது என்பதால் (இந்த இனத்தின் உறவுகள் பிளாஸ்டிக் தொட்டியையே பிளந்துவிடுவதுண்டு) சுவருக்கும் தூறுக்கும் இடையே ஓர் அடி விட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓரத்தைக் கழித்துவிட வேண்டும். சோற்றுக்கற்றாழையும் அதே இடத்துக்கு ஏற்றது. பத்துமணிப்பூ சிறிய தூண்களின் பீடத்தைச் சுற்றி வண்ணம் சேர்க்கும். ஆனால் முழு வெயில் இல்லாத இடத்தில் அது பூக்காது.

அரைநிழல் விழும் கிழக்குச் சுவரடிக்குக் கனகாம்பரத்தைவிடப் பொருத்தமான செடியைச் சொல்வது கடினம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இந்தச் சிறுபுதர் இரண்டு மூன்றடிக்குமேல் உயராது, பளபளக்கும் இலைகளால் அடிவரை மூடியிருக்கும், ஆண்டின் பெரும்பகுதி பூக்கும், அந்தப் பூ தலையில் சூடப்படும். அதன் வேர் ஓரளவு மரத்தன்மை அடைந்தாலும் கடைக்காலை அசைக்கும் பருமனை எட்டுவதில்லை. அதைத் தாக்கும் பெரிய எதிரி வேர்முடிச்சு நூற்புழு. மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத இப்புழு வேரில் முடிச்சுகளை உண்டாக்கிச் செடியை மஞ்சளாக்கிவிடும். ஒரு பருவம் அவ்விடத்தில் துலுக்கச் சாமந்தியை நட்டுவிட்டுப் பிறகு கனகாம்பரத்தை நட்டால், சாமந்தியின் வேர்ச்சுரப்பு புழுவின் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

பலரும் விரும்பி நடும் இட்லிப்பூவுக்கு, அதாவது வெட்சிக்கு, சுவரடியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. கட்டட வேலையின்போது சுவரோரம் சிந்திய சிமெண்டுக் கலவையும் சுண்ணாம்பும் மண்ணைக் காரத்தன்மையுள்ளதாக்கிவிடுகின்றன. காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமற் போவதால், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க வெளிறிவிடுகின்றன. உரம் போடப் போட அது மாறாதது கண்டு செடியையே மாற்றுபவர்கள், மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிக் காரைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மக்கிய தொழுவுரம் கலந்து நட்டிருந்தால் அந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

சமையலறை நீர் வழியும் பக்கத்தில் கல்வாழை நன்றாக வளரும்; மஞ்சளும் அங்கே செழிக்கும். மஞ்சள் வைகாசியில் நடப்பட்டுத் தை மாதம் அறுவடைக்கு வருவதால், இலை மடிந்தபின் கோடை முழுவதும் சுவரடி வெறுமையாகத் தெரியும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் அதை நட வேண்டும். தரையோடு தரையாகப் படர வேண்டிய இடத்துக்குப் பொடுதலை போதும்: ஈர நிலங்களில் தானே முளைக்கும் இந்தச் சிறு மூலிகை, ஒவ்வொரு கணுவிலும் மேலோட்டமாக வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்வதால், மழைத்துளி செம்மண்ணைச் சுவரில் தெறிக்க விடாது.

பந்தல்கால்களின் அடி இவை எல்லாவற்றிலும் கூடுதல் கவனம் கேட்பது. அவரையும் புடலையும் பீர்க்கும் ஏறும் பந்தலுக்கு இன்று பெரும்பாலும் ஜி.ஐ. பைப் நடப்படுகிறது. துத்தநாகப் பூச்சுள்ள அந்த இரும்புக் குழாய் முதலில் கெடுவது, காற்றும் ஈரமும் ஒன்றாகச் சேரும் மண்மட்டத்தில்தான். மண்ணை நான்கு விரற்கடை விலக்கிப் பார்த்தால், குழாயைச் சுற்றி மோதிரம்போல் பழுப்பு வளையம் ஓடுவதும், அதை நகத்தால் சுரண்டினால் செதிலாக உரிவதும் தெரியும்; மேலே பளபளப்பாக இருக்கும் கால் அந்த வளையத்தில்தான் ஒருநாள் முறிகிறது. இதைத் தவிர்க்கக் குழாயைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை மண்மட்டத்துக்குமேல் ஒரு சாண் உயர்த்தி, நீர் வெளிப்புறம் வழியும்படி சரிவாகப் பூசிவிட வேண்டும். மறைக்கப்பட வேண்டிய அழகற்ற பகுதி என்று தோன்றும் இந்தக் கான்கிரீட்டுக் கழுத்துதான் பந்தலின் ஆயுள். அதன்மேல் மண்ணை ஏற்றிவிடக் கூடாது. அதைச் சுற்றி ஒரு சாண் தள்ளி, வட்டமாக மழை லில்லியை நடுவது சிறந்த தீர்வு. வெங்காயம் போன்ற அதன் குமிழம் இரண்டு அங்குல ஆழத்தில் அமர்கிறது. புல்போன்ற இலை ஆண்டு முழுவதும் அடியை மூடியிருக்கிறது. கோடை மழை பெய்த சில நாட்களில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கிறது. காலுக்கு வண்ணம் அடிக்க வேண்டிய ஆண்டில் குமிழங்களைக் கைக்கொத்தால் கிளறி எடுத்து வைத்து, வேலை முடிந்தபின் திரும்ப நடலாம். எந்தப் புதரும் இந்த வசதியைத் தராது. குமிழம் நச்சுத்தன்மையுள்ளது என்பதால், அருகில் வெங்காயமோ பூண்டோ பயிரிடாமல் இருப்பது நலம். கல்தூண் நட்ட பழைய பந்தல்களுக்குத் துரு பற்றிய கவலை இல்லை. அவற்றின் அடிவரை நெருக்கி நடலாம்.

எளிதாகக் கிடைப்பதால் நடப்படும் சில செடிகளைத் தவிர்த்தே ஆக வேண்டும். வெடேலியா என்ற பெயரில் நர்சரிகள் விற்கும் மஞ்சள்பூப் படர்கொடி, ஆழமில்லாத வேரும் விரைவான வளர்ச்சியும் உடையதாகையால் தரைமூடியாகப் பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அது உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற தாவரம், தோட்டத்திலிருந்து வாய்க்காலுக்கும் அங்கிருந்து வயல்வரப்புக்கும் தாவிவிடக்கூடியது. உண்ணிச்செடியும் அதே பட்டியலில் உள்ளது. காகிதப்பூவின் வேர் தடித்து மரமாகும் என்பதால், சம்ப்பின் அருகே அது வேண்டாம். பறவை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றும் ஆலங்கன்றும் செடிகளின் மறைவில் கண்ணுக்குப் படாமல் சுவர் விரிசலில் வேர்பிடித்துவிடும். அடர்ந்த மறைப்பின் உண்மையான ஆபத்து இதுவே. பாம்பு அடையும் என்று பெரியவர்கள் அஞ்சுவதிலும் நியாயம் இருக்கிறது: தழை தரையைத் தொட்டுச் சுவரோடு ஒட்டிக் கிடந்தால் எலியும் தவளையும் அங்கே தங்கும், அவற்றைத் தேடிப் பாம்பும் வரும். சுவருக்கும் செடிக்கும் இடையே விடப்படும் ஓரடி வெற்றிடம் காற்றோட்டத்துக்கும் பெருக்குவதற்கும் பார்வையிடுவதற்கும் உரிய வழி. அதை மண்ணாகவே விடாமல் ஜல்லி பரப்பிவிட்டால் களையும் குறையும்.

நடுவதற்கு ஏற்ற காலம் ஆடியும் ஆவணியும். அப்போது நட்ட செடி, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வேர்பிடித்துக்கொண்டு, மழை முடியும் மார்கழிக்குள் தன் காலில் நின்றுவிடும். அதன்பின் சுவரடிக்கு நாள்தோறும் நீர் ஊற்றும் தேவையே எழாது.

இறுதியாக, அடியை மறைப்பதும் மூடியை மறைப்பதும் வேறு வேறு என்பதை வீட்டுக்காரர்கள் உணர வேண்டும். செப்டிக் டேங்க், சம்ப், 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி, எர்த் பைப் ஆகியவற்றின் மேற்பகுதி எந்நேரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்ட வேண்டும். கான்கிரீட்டு மூடியின்மேல் மண் பரப்பிப் புல் வளர்த்தால், மூடியின் கம்பி துருப்பிடித்து விரிசல் விழுவது யாருக்கும் தெரியாது. அது தெரியவரும் நாள், ஒரு குழந்தை அதன்மேல் ஓடும் நாளாக இருக்கலாம். மூடிகளைச் சுற்றி இரண்டடிக்கு எதையும் நட வேண்டாம். அவ்வளவு வெறுமையும் கண்ணை உறுத்தினால், ஒருவர் தனியாகத் தூக்கி நகர்த்தக்கூடிய தொட்டிச் செடி ஒன்றை ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.